ஆண் பறவையின் குரலும் ஹார்மோனும்: அறிவியல் வரலாற்றில் பருவம் என்னும் சிக்கல் - திருவட்டாறு வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் பறவைகள் எழுப்பும் குரலுக்கும் அவற்றின் விந்தகத்தில் சுரக்கும் ஹார்மோனுக்கும் உள்ள தொடர்பு எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. காயடித்த சேவலில் தொடங்கிய இவ்வறிவு, வேதியியல் கூடத்திற்கும் ஒளிச் சோதனைக்கும் பின்னர் மூளைக்கும் நகர்ந்தது. ஹார்மோன் குரலின் வடிவத்தை இயற்றுவதில்லை. குரல் எழும் காலத்தையே பெரிதும் ஆள்கிறது என்பது இவ்வரலாற்றின் வழிப் பெறப்படும் முடிவு. அக்காலத்தைக் கணிக்கும் முறை குளிர்நாட்டுப் பறவைகளைக் கொண்டு வகுக்கப்பட்டது. ஆகவே பகலின் நீளம் அதிகம் மாறாத திருவட்டாறு போன்ற நிலப்பகுதிக்கு அதனை அவ்வாறே பொருத்த இயலாது என்பதையும், 1933ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்ப் பறவைக் கணக்கெடுப்பு இவ்வகையில் ஒரு வரலாற்றுச் சான்றாக அமைவதையும் கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஆண் பறவைக் குரல், டெஸ்டோஸ்டிரோன், பெரும்பொழுது, பகலொளிக் காலம், திருவிதாங்கூர், திருவட்டாறு.

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தில், பறளியாறும் கோதையாறும் சூழ அமைந்த ஊர் திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோயிலால் அறியப்படும் இவ்வூர் ஏறக்குறைய 8.3 பாகை வட அகலாங்கில், அசம்பு மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் உள்ளது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டையும் பெறும் நிலம் இது. தென்னையும் வாழையும் ரப்பரும் நிறைந்த இவ்வட்டாரத்தில் குயிலும் குண்டுக்கரிச்சானும் குக்குறுவானும் கூவும் மாதங்கள் உண்டு. அவை அடங்கிவிடும் மாதங்களும் உண்டு. ஒரே மரத்தில், ஒரே பறவை, சில மாதங்கள் ஓயாது பாடிப் பின்னர் ஏன் வாய் மூடுகிறது என்பது எவருக்கும் தோன்றக்கூடிய வினா.

இவ்வினாவிற்கு உடலியங்கியல் தரும் சுருக்கமான விடை ‘ஹார்மோன்’ என்பதாகும். இயக்குநீர் எனத் தமிழில் வழங்கும் ஹார்மோன்களுள் விந்தகத்தில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஆண் பறவையின் பாட்டைத் தூண்டுகிறது என்று பாடநூல்கள் கூறுகின்றன. இக்கூற்று பிழையன்று, ஆனால் முழுமையானதும் அன்று. எந்தப் பறவைகளைக் கொண்டு, எந்த நிலத்தில், எந்தக் கருவிகளின் துணையால் இவ்விடை பெறப்பட்டது என்பதை அறிந்தால்தான் அதன் எல்லை புலப்படும். அவ்வெல்லையை வரலாற்றின் வழி வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் பாலும் பொழுதும்

பறவையின் பாலையும் குரலையும் பருவத்தையும் தொடர்புபடுத்தும் கூறுகள் தமிழ் மரபில் தொன்மையானவை. தொல்காப்பிய மரபியல் ஆண்பாற் பெயர்களை வகுக்கும்போது, ‘சேவல்’ என்னும் பெயர் சிறகுடைய பறவைகள் அனைத்திற்கும் உரியது என்றும், மயிலுக்கு மட்டும் அது பொருந்தாது என்றும் கூறுகிறது. பெண்பாலுக்குப் பேடை, பெடை என்னும் பெயர்களும், கோழிக்கும் கூகைக்கும் உரியதாகவும் மயிலுக்கும் ஏற்கத்தக்கதாகவும் ‘அளகு’ என்னும் பெயரும் வகுக்கப்பட்டுள்ளன. இன்றைய பேச்சில் ஆண் கோழிக்கு மட்டும் உரியதாகச் சுருங்கிவிட்ட ‘சேவல்’, ஒரு காலத்தில் ஆண் பறவை என்னும் பொதுப்பொருள் தந்தது.

குரலைக் குறிக்கும் மரபுச் சொற்களிலும் இப்பகுப்பு உண்டு. சேவல் கூவும், கோழி கொக்கரிக்கும். மயில் அகவும், குயில் கூவும். ‘பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா’ என்னும் பழமொழி, கூவுதல் ஆணுக்கே உரியது என்ற நடைமுறை அறிவின்மேல் நிற்கிறது.

பருவத்தைப் பொறுத்தவரை, அகத்திணை மரபு பறவையைக் கருப்பொருளாகவும் காலத்தை முதற்பொருளாகவும் வைக்கிறது. முல்லையின் பெரும்பொழுது கார். அதன் பறவை கானக்கோழி. மயிலின் அகவல் கார்காலத்தோடும் குயிலின் கூவல் இளவேனிலோடும் இணைத்துப் பேசப்படுவது சங்க இலக்கியம் தொட்டு வரும் வழக்கு. பறவையின் குரல் ஆண்டின் குறிப்பிட்ட பகுதிக்கு உரியது என்ற உற்றுநோக்கல் இங்கு அடிப்படையாக உள்ளது.

இதனைக் கொண்டு ஹார்மோன் பற்றிய அறிவு பண்டைத் தமிழர்க்கு இருந்தது எனக் கொள்ளுதல் வரலாற்று நெறிக்குப் பொருந்தாது. மரபு பதிவு செய்தது எப்பொழுது என்பதை. ஏன் என்பதை அன்று. மேலும் இலக்கிய மரபும் உயிரியலும் மாறுபடும் இடங்கள் உள்ளன. பாரதியின் குயில் பாட்டில் காதலைப் பாடும் குயில் பெண். இயற்கையில் நாம் இளவேனிலில் கேட்கும் ஏறுமுகமான நீண்ட கூவல் கரிய நிறமுடைய ஆண் குயிலுடையது. புள்ளிகள் நிறைந்த பெண் குயிலின் குரல் விரைந்து ஒலிக்கும் குறுகிய ஒலிகளால் ஆனது. கவிஞரின் உரிமையில் குறை காண்பது இங்கு நோக்கமன்று. பால், குரல், பருவம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்தறியும் தேவை எழுந்தபோதுதான் உடலியங்கியல் தொடங்கியது என்பதே சுட்டப்படுவது.

காயடித்த சேவல்: அரிஸ்டாட்டிலிலிருந்து பெர்தோல்டு வரை

சேவலைக் காயடித்தால் கூவல் நின்றுவிடும் என்பது கோழி வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்த செய்தி. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் விலங்குகள் பற்றிய தம் நூலில் இதனைக் குறிப்பிடுகிறார். வளர்ந்த சேவலைக் காயடித்தால் கொண்டை வெளிறும். கூவுதலும் பெட்டையை நாடுதலும் நிற்கும். குஞ்சுப் பருவத்திலேயே செய்தால் இவ்வியல்புகள் தோன்றவே மாட்டா என்பது அவர் கூறும் செய்தியின் சாரம். எனினும் விந்தகம் எவ்வழியாகத் தொண்டையை ஆள்கிறது என்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடை இல்லை. நரம்பு வழியாகவே அது நிகழ்வதாகக் கருதுவது இயல்பாக இருந்தது.

இவ்வினாவைச் சோதனைக்கு உட்படுத்தியவர் செருமனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னால்டு அடோல்ஃப் பெர்தோல்டு. 1848 ஆகஸ்டில் ஆறு இளஞ்சேவல்களை அவர் எடுத்துக்கொண்டார். இரண்டில் இரு விந்தகங்களையும் முற்றிலும் நீக்கினார். வேறு இரண்டில் ஒரு விந்தகத்தை நீக்கி, மற்றதை அதன் இடத்திலிருந்து பிரித்து வயிற்றறையிலேயே விட்டுவைத்தார். எஞ்சிய இரண்டில் இரு விந்தகங்களையும் எடுத்து, ஒன்றன் விந்தகத்தை மற்றதன் வயிற்றறைக்குள் மாற்றி வைத்தார். முதல் இரண்டும் கூவாத, போரிடாத, கொண்டை சிறுத்த பறவைகளாயின. மற்ற நான்கும் இயல்பான சேவல்களைப் போலவே கூவின, ஒன்றோடொன்று போரிட்டன, பெட்டைகளை நாடின.

பின்னர் அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விந்தகங்கள் குடலில் ஒட்டிப் புதிய இரத்த நாளங்களைப் பெற்றிருந்தன. பழைய நரம்புத் தொடர்பு இல்லை. எனவே விந்தகம் இரத்தத்தின் மீது வினைபுரிகிறது. இரத்தம் உடல் முழுவதன் மீதும் வினைபுரிகிறது என்று பெர்தோல்டு முடிவு கூறினார். 1849இல் வெளிவந்த இக்கட்டுரை சில பக்கங்களே கொண்டது. அவரே அதனைத் தொடரவில்லை. அறிவுலகமும் அரை நூற்றாண்டுக் காலம் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. ‘ஹார்மோன்’ என்ற சொல்லை இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905இல் வழங்கிய பின்னரே, இச்சோதனை நாளமில்லாச் சுரப்பியியலின் தொடக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது.

மேற்காட்டிய பழமொழிக்கும் இக்காலத்தில் ஒரு மறுதலை கிடைத்தது. பறவைகளில் பொதுவாக இடப்பக்கச் சூலகமே செயற்படும். நோயால் அது அழிந்தால், வலப்பக்கத்தில் வளராதிருக்கும் உறுப்பு விந்தகத் தன்மையுடன் வளரக்கூடும். எடின்பரோவைச் சேர்ந்த எஃப்.ஏ.இ. குரூ, முட்டையிட்டு வந்த பெட்டைக் கோழி ஒன்று பின்னர் கூவத் தொடங்கிய நிகழ்வை 1923இல் விவரித்தார். கூவும் ஆற்றல் பெட்டைக்கு அறவே இல்லாத ஒன்றன்று. வெளிப்படாதிருக்கும் ஒன்று என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

கொண்டையே அளவுகோல்

இரத்தத்தில் கலக்கும் அப்பொருள் யாது என்ற தேடலிலும் சேவலே கருவியாயிற்று. காயடித்த சேவலுக்கு ஒரு சாற்றைச் செலுத்தினால் சுருங்கிய கொண்டை மீண்டும் வளர்கிறதா என்பது சோதனை முறை. சிகாகோவில் ஃபிரெட் கோக், லெமுவல் மெக்கீ ஆகியோர் காளைகளின் விந்தகங்களிலிருந்து பெற்ற சாற்றை இவ்வாறு சோதித்து 1927இல் முடிவுகளை வெளியிட்டனர். 1931இல் அடோல்ஃப் பூட்டனாண்ட் ஏறக்குறைய 15,000 லிட்டர் ஆண்களின் சிறுநீரிலிருந்து சில மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தார். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழுவினர் விந்தகத்திலிருந்தே பிரித்தெடுத்த பொருளுக்கு ‘டெஸ்டோஸ்டிரோன்’ என்று பெயரிட்டனர். அதே ஆண்டில் பூட்டனாண்டும் லியோபோல்டு ருசிக்காவும் அதனைச் செயற்கையாக உருவாக்கினர். இவ்விருவருக்கும் 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

தூய பொருள் கையில் கிடைத்ததும் குரல் பற்றிய சோதனைகள் விரைவுபெற்றன. பெண் கேனரிகளுக்கு ஆண் ஹார்மோனைச் செலுத்தியபோது அவை ஆணைப் போலப் பாடத் தொடங்கின என்ற செய்தி 1939இல் வெளிவந்தது. இதனால் ‘டெஸ்டோஸ்டிரோன் உண்டெனில் பாட்டு உண்டு, இல்லையெனில் இல்லை’ என்ற எளிய வாய்பாடு பரவியது. பிற்கால ஆய்வுகள் இவ்வாய்பாட்டை இரு திசைகளில் திருத்தின: ஒன்று பருவம், மற்றொன்று மூளை.

ஒளியும் விந்தகமும்

பல இனங்களில் விந்தகம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இனப்பெருக்கப் பருவத்தில் அது நூறு மடங்குக்கும் மேலாகப் பருத்துப் பின்னர்ச் சுருங்கிவிடும் இனங்கள் உண்டு. இம்மாற்றத்தைத் தூண்டுவது வெப்பமா, உணவா, ஒளியா என்ற வினாவிற்குக் கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் விடை தேடினார். ஜங்கோ என்னும் சிறு பறவைகளைக் கடுங்குளிரில் திறந்த கூண்டுகளில் வைத்து, மின்விளக்கால் மாலைப் பொழுதைச் சிறிது சிறிதாக நீட்டினார். வெளியே உறைபனி நிலவியபோதும் அப்பறவைகளின் விந்தகங்கள் வசந்தகால அளவிற்குப் பருத்தன. விளக்கொளி பெறாத பறவைகளில் அம்மாற்றம் இல்லை. 1925இல் வெளியான இம்முடிவு, பகலொளிக் காலமே பறவையின் நாட்காட்டி என்ற கோட்பாட்டிற்கு வித்திட்டது.

1930களில் பிரான்சின் ஜாக் பெனுவா வாத்துகளில் செய்த சோதனைகள், கண்ணின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டை ஊடுருவும் ஒளியை மூளையின் உட்பகுதியே உணர்கிறது என்பதைக் காட்டின. இன்று அறியப்படும் பாதை இது: நீளும் பகலை மூளை உணர்கிறது, ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி சுரப்பின் ஹார்மோன்கள் விந்தகத்தை வளர்க்கின்றன, விந்தகம் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது, அது மீண்டும் மூளையை அடைந்து பாட்டை எழுப்புகிறது. குரல் என்பது இச்சங்கிலியின் இறுதிக் கண்ணி.

எட்மன்டனில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 17 மணி நேரம்; மிகக் குறுகிய பகல் ஏழரை மணி நேரம். ஒளியை நாட்காட்டியாகக் கொள்ள இவ்வளவு பெரிய வேறுபாடு போதுமானது. இக்கோட்பாடு பிறந்த நிலத்தின் இயல்பு இது என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

மூளைக்குள் பாட்டு

பாட்டின் வடிவம் எங்கிருந்து வருகிறது என்பது தனி வினா. கேம்பிரிட்ஜின் டபிள்யூ.எச். தார்ப் 1950களில் ஒலியை வரைபடமாக்கும் கருவியைப் பயன்படுத்தி, தனித்து வளர்க்கப்பட்ட சாஃபிஞ்ச் பறவை முழுமையான பாட்டைப் பாடுவதில்லை என்று காட்டினார். பாடும் பறவைகள் எனப்படும் பெரும்பிரிவில் குஞ்சு மூத்த பறவைகளைக் கேட்டே பாட்டைக் கற்கிறது. குயிலின் நிலை வேறு. காக்கையின் கூட்டில் காக்கையால் வளர்க்கப்பட்டும் ஆண் குயில் குயிலாகவே கூவுகிறது. அதன் கூவல் பிறவியிலேயே அமைந்தது. கோழியும் மயிலும் இவ்வகையினவே.

பிறவியில் அமைந்த குரலில் ஹார்மோன் செய்வது என்ன என்பதற்கு 1988இல் ஒரு தெளிவான சான்று கிடைத்தது. இவான் பலாபனும் நிக்கோல் லெ துவாரின் குழுவினரும் காடைக் கருவின் மூளைப் பகுதிகளைக் கோழிக் கருவில் பொருத்தினர். பிறந்த குஞ்சுகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளித்து முன்கூட்டியே கூவச் செய்தபோது, அவற்றுட் சிலவற்றின் கூவல் காடையின் பாங்கில் அமைந்தது. ஹார்மோன் ஒன்றே, கூவலின் பாங்கோ மூளைக்கேற்ப மாறியது. டெஸ்டோஸ்டிரோன் கூவலை இயற்றவில்லை. மூளையில் இருந்ததைத் திறந்துவிட்டது.

கற்கும் பறவைகளில் இச்செயல் மேலும் நுட்பமானது. ஃபெர்னான்டோ நாட்டேபாம் குழுவினர் 1976இல் கேனரியின் மூளையில் பாட்டை ஆளும் மையங்களைக் கண்டறிந்தனர். அதே ஆண்டில் நாட்டேபாமும் ஆர்தர் ஆர்னால்டும் அம்மையங்கள் ஆணில் பெரியனவாகவும் பெண்ணில் சிறியனவாகவும் இருப்பதை வெளியிட்டனர். ஆணுக்கும் பெண்ணுக்கும் மூளையின் அமைப்பிலேயே இத்துணைப் பெரிய வேறுபாடு இருக்கக்கூடும் என்பது அக்காலத்தில் புதிய செய்தி. 1981இல், கேனரியின் முதன்மைப் பாட்டு மையம் வசந்தத்தில் இலையுதிர் காலத்தைவிட ஏறக்குறைய இரு மடங்காகப் பெருகுவதை நாட்டேபாம் காட்டினார். வளர்ந்த பறவையின் மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றுகின்றன என்ற கண்டுபிடிப்பும் இவ்வழியில் 1983இல் எழுந்தது.

எளிய வாய்பாடு மேலும் தளர்ந்தது. காயடித்த வரிக்குருவி இனத்து ஆண்கள் குறைவாகப் பாடின. ஆனால் முற்றிலும் நிறுத்தவில்லை. டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி மூளைக்குள் அரோமட்டேஸ் என்னும் நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்பட்டே வினைபுரிகிறது என்பது தெரியவந்தது. பெண்மைக்கு உரியதாகக் கருதப்பட்ட ஹார்மோன் ஆணின் பாட்டில் பங்குகொள்வது, பெயர்களைக் கொண்டு செயலை முடிவு செய்யலாகாது என்பதற்கு எடுத்துக்காட்டு.

1933: திருவிதாங்கூர்க் கணக்கெடுப்பு

மேற்கூறிய ஆய்வுகள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நிகழ்ந்த காலத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முந்திய பறவைப் பதிவுகளைத் திருவிதாங்கூர் ஆவணங்களிலேயே தேட வேண்டும். திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் எச்.எஸ். பெர்குசனும் வன அதிகாரி டி.எஃப். போர்டில்லனும் 1903-04இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் திருவிதாங்கூர்ப் பறவைகளையும் அவற்றின் கூடு கட்டும் காலங்களையும் தொகுத்தளித்தனர்.

திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆதரவுடன் 1933இல் சாலிம் அலி மேற்கொண்ட கணக்கெடுப்பு இவ்வரிசையில் முதன்மையானது. அதன் அறிக்கை 1935 முதல் அவ்விதழில் தொடராக வெளிவந்தது, 1953இல் நூலாயிற்று, 1969இல் ‘கேரளப் பறவைகள்’ என்ற பெயரில் விரிவுபெற்றது. சாலிம் அலி தாம் சேகரித்த பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் பருத்திருந்தனவா, சுருங்கியிருந்தனவா என்பதையும் இடம், நாள் ஆகியவற்றோடு குறித்துவைத்தார். பறவை எக்காலத்தில் இனப்பெருக்க நிலையில் உள்ளது என்பதை அறிய அன்று கிடைத்த நேரடி வழி அதுவே.

இக்குறிப்புகளை வகைப்பாட்டியலின் துணைச் செய்திகளாகவே பலரும் படித்துள்ளனர். ஹார்மோன் வரலாற்றின் நோக்கில் அவற்றின் மதிப்பு வேறு. டெஸ்டோஸ்டிரோன் என்ற பெயரே வழங்கப்படாத ஓர் ஆண்டில், குமரிமுனை வரை நீண்ட ஒரு நிலத்தில், எப்பறவையின் விந்தகம் எத்திங்களில் எந்நிலையில் இருந்தது என்பதற்கான சான்று அவை. ரோவன் விளக்கொளியில் உருவாக்கிய மாற்றத்தை இக்குறிப்புகள் திறந்த வெளியில், இரு பருவமழைகளின் நாட்டில் காட்டுகின்றன.

குறுகிய ஒளி வேறுபாடு, இரு மழைகள்

திருவட்டாற்றில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணி நேரமே. எட்மன்டனின் ஒன்பதரை மணி நேரத்தோடு இதனை ஒப்பிட்டால் சிக்கல் விளங்கும். இத்துணைச் சிறிய வேறுபாட்டைப் பறவை உணருமா? உணராதெனில், பாடும் பருவத்தை எதனைக் கொண்டு அறிகிறது?

இவ்வகலாங்கிற்கு மிக அண்மையதான ஒரு நிலத்தில் விடை தேடப்பட்டது. பனாமா ஏறக்குறைய 9 பாகை வட அகலாங்கில் உள்ளது. அங்குள்ள புள்ளி எறும்புண்ணிக் குருவிகளை மைக்கேலா ஹாவ், மார்ட்டின் விக்கெல்ஸ்கி, ஜான் விங்ஃபீல்டு ஆகியோர் ஆராய்ந்து, பகல் 17 நிமிடம் மட்டும் நீண்டாலும் இனப்பெருக்க உறுப்பு வளர்வதை 1998இல் வெளியிட்டனர். ஒளி வெப்பமண்டலத்திலும் நாட்காட்டியாகலாம் என்பது தெளிவாயிற்று. ஆயினும் அது ஒன்றே நாட்காட்டி அன்று. உயிருள்ள பூச்சிகளை உணவாகக் கண்டபோது இப்பறவைகளின் பாட்டு மிகுந்ததை அடுத்த ஆய்வு காட்டியது. ஒளி பருவத்தை ஏறத்தாழக் குறிக்கிறது. மழையைத் தொடர்ந்து பெருகும் பூச்சி அதனைச் செம்மைப்படுத்துகிறது.

மற்றொரு முடிவும் கருதத்தக்கது. இப்பறவைகள் ஆண்டு முழுவதும் எல்லை காப்பவை. அவற்றின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் குறைவாகவே உள்ளது. அயல் ஆணின் குரல் ஒலிபெருக்கி வழியாகத் தொடர்ந்து கேட்கப்பட்டபோது அதன் அளவு உயர்ந்தது. ஹார்மோன் குரலை எழுப்புகிறது என்பதோடு, குரலும் ஹார்மோனை எழுப்புகிறது. விங்ஃபீல்டு குழுவினர் 1990இல் முன்வைத்த ‘அறைகூவல் கருதுகோள்’ இதனை விளக்குகிறது: இனப்பெருக்கத்திற்குத் தேவையான அளவிற்கு மேல் டெஸ்டோஸ்டிரோன் உயர்வது, பிற ஆண்களோடு மோதல் நேரும் சூழலைப் பொறுத்தது.

இந்திய ஆய்வுகளும் குளிர்நாட்டு வாய்பாட்டிலிருந்து விலகிய முடிவுகளைத் தந்துள்ளன. குளிர்நாட்டுப் பறவைகள் பலவற்றில், நீண்ட பகல் சில வாரங்கள் நீடித்த பின் விந்தகம் ஒளிக்கு இணங்காமல் சுருங்கிவிடும். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் ஜே.பி. தப்லியால், ஆர்.என். சக்சேனா ஆகியோர் தூக்கணாங்குருவியில் அத்தகைய இணங்காக் காலம் இல்லை என்று 1964இல் எழுதினர். தமிழகத்திலும் கூடு பின்னி வாழும் இப்பறவை மழையை ஒட்டியே இனப்பெருக்கம் செய்கிறது. மழை நீடிக்கும்வரை வாய்ப்பைக் கைவிடாத உடலமைப்பு அதற்குப் பொருந்துவதே.

அசம்பு மலையின் உச்சிச் சோலைகளில் பாட்டின் வடிவம் பற்றிய ஆய்வும் நடந்துள்ளது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே வாழும் சோலைக்கிளி எனப்படும் நீலநிறப் பாடும் பறவை, வி.வி. ராபின் குழுவினரால் 2017இல் தனி இனமாக அறிவிக்கப்பட்டு அசம்பு மலையின் பெயரைப் பெற்றது. பழங்காலக் கணவாய்களால் பிரிந்த கூட்டங்களின் பாட்டும், அண்மைக் காடழிப்பால் பிரிந்த கூட்டங்களின் பாட்டும் வேறுபட்ட வகைகளில் மாறுவதை 2016இல் சேதனா புருஷோத்தமும் ராபினும் காட்டினர். இங்கு ஹார்மோன் ஆள்வது எப்பொழுது பாடுவது என்பதை. எதைப் பாடுவது என்பதை ஆள்வன கற்றலும் நிலமும் பிரிவின் நெடுங்காலமும்.

‘ஆண் பாடும்’ என்னும் முற்கோள்

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் ஐயத்திற்கு இடமின்றி ஏற்கப்பட்ட ஒரு செய்தி, பாடுவது ஆணே என்பதாகும். கரன் ஓடம் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, தகவல் கிடைத்த 323 பாடும் பறவை இனங்களுள் 71 விழுக்காட்டில் பெண்ணும் பாடுகிறது என்றும், அப்பறவைகளின் பொது மூதாதையரில் இரு பாலும் பாடியிருக்கக்கூடும் என்றும் கூறியது. பெண் பாடாத நிலை வடக்குக் குளிர்நாடுகளில் மிகுதி; ஆய்வாளர் மிகுந்திருந்ததும் அங்கேதான். வெப்பமண்டலத்தில் பெண் பாடுவதும் இணை சேர்ந்து பாடுவதும் பரவலானவை. எனவே ‘ஆண் பறவையின் பாட்டு’ என்னும் ஆய்வுப்பொருளே ஒரு நிலத்தின் பறவைகளை முன்மாதிரியாகக் கொண்டு உருவானது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன பின்வருமாறு.

ஆண் பறவையின் குரலுக்கு விந்தகச் சுரப்பு காரணம் என்ற அறிவு, காயடித்த சேவல் என்னும் எளிய சான்றில் தொடங்கி 1849இல் சோதனை முறையில் நிறுவப்பட்டது. 1935இல் அச்சுரப்பு பெயர் பெற்றது. 1976க்குப் பின் அதன் செயற்களம் மூளை என்பது தெளிவாயிற்று.

ஹார்மோன் குரலின் வடிவத்தை இயற்றுவதில்லை. பிறவியில் அமைந்த கூவலாயினும் கற்ற பாட்டாயினும், அது வெளிப்படும் காலத்தையும் மிகுதியையுமே ஹார்மோன் பெரிதும் ஆள்கிறது. குரலும் சூழலும் ஹார்மோன் அளவை மாற்றுவதால் இத்தொடர்பு ஒருவழிப்பட்டதும் அன்று.

‘எப்பொழுது’ என்பதே மையமாகும்போது நிலத்தின் இயல்பு முதன்மை பெறுகிறது. உயர் அகலாங்கில் வகுக்கப்பட்ட ஒளி நாட்காட்டியைத் திருவட்டாறு போன்ற இரு மழை நிலத்திற்கு மாற்றமின்றிப் பொருத்துவது தவறான விளக்கத்திற்கு இட்டுச் செல்லும். கார்காலத்து மயிலுக்கும் இளவேனிற் குயிலுக்கும் உரை எழுதுவோரும், உயிரியல் பாடம் கற்பிப்போரும் ஒருங்கே கருத வேண்டிய செய்தி இது. முதற்பொருளை நிலமும் பொழுதும் என இணைத்தே வைத்த திணைக் கோட்பாடு விடையைத் தரவில்லை. எனினும் நிலத்தை விடுத்துப் பொழுதைத் தனியே பேசலாகாது என்னும் ஒழுங்கை அது தருகிறது.

1933ஆம் ஆண்டுக் குறிப்புகள் விந்தகத்தின் நிலையையும் நாளையும் தருகின்றன. அன்று இந்நிலையை அறியப் பறவையைக் கொல்ல வேண்டியிருந்தது. இன்று எச்சத்திலிருந்தே ஹார்மோன் சிதைபொருள்களை அளக்கலாம். தானியங்கி ஒலிப்பதிவுக் கருவியால் கூவலை ஆண்டு முழுவதும் பதியலாம். காடும் வயலும் தோட்டப் பயிராக மாறி, மழையின் காலமும் நிலைபெயரும் சூழலில், பறவையின் பெயர், பால், குரலின் வகை, நாள், மழையளவு ஆகிய ஐந்தையும் ஒருசேரக் குறிக்கும் வட்டாரப் பதிவு இன்றே தொடங்கப்பட வேண்டும். அப்பதிவை 1933ஆம் ஆண்டுக் குறிப்புகளோடு ஒப்பிட்டால், இந்நிலத்தில் பறவைகள் கூவும் பருவம் மாறியுள்ளதா என்ற வினாவிற்குச் சான்றோடு விடை கூற இயலும்.